கண்ணாடி ஓடும் சுண்ணாம்பு ஓடும்

கேள்வி: ஐந்து கோடி ஆண்டுக்கு முன்னால் வெப்பமண்டலக் கடல் இன்றைக்கு இருப்பதைவிடக் குளிர்ச்சியாக இருந்தது என்று நான் கல்லூரியில் படித்தேன். என் மகளோ, அப்போது கடல் நல்ல சூடு என்கிறாள். அங்கே தெர்மாமீட்டர் வைத்தது யார்? எதை நம்புவது?
– ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: மகள் சொல்வதை நம்புங்கள்.

தெர்மாமீட்டர் வைத்தது ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர். ரவை அளவுகூட இருக்காது, ஆனால் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும். கடல்நீரில் ஆயிரம் ஆக்ஸிஜன் அணுக்களில் சுமார் இரண்டு கனமானவை, ஆக்ஸிஜன்-18. நீர் குளிரக் குளிர ஓட்டில் இந்தக் கனரகம் கூடும். ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஏறக்குறைய 0.2 பங்கு வித்தியாசம். இதை வைத்துப் பழைய கடலின் சூட்டைக் கணக்கிடலாம் என்று 1940களில் சொன்னவர் வேதியியல் விஞ்ஞானி ஹெரால்ட் யூரி.

அப்படிக் கணக்கிட்டால், நீங்கள் கேட்ட அந்த ஐந்து கோடி ஆண்டுக்கு முந்தைய இயோசீன் கால வெப்பமண்டலக் கடலுக்கு 15 முதல் 23 டிகிரிதான் வந்தது. அதே காலத்தில் கனடாவின் வடகோடி எல்ஸ்மியர் தீவில் முதலை இனம் வாழ்ந்திருக்கிறது, புதைபடிவம் கிடைத்திருக்கிறது. துருவத்துப் பக்கம் முதலை, நடுக்கோட்டில் ஊட்டிக் குளிரா? பல வருடம் இது பெரிய தலைவலி.

என் கதையையும் சொல்கிறேன். பாடம் நடத்திய காலத்தில் மைக்ராஸ்கோப்புக்கு அடியில், நுனி நனைத்த மெல்லிய பிரஷ்ஷால் இந்த ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவேன். (தும்மல் வந்தால் அன்றைய வேலை காலி.) சில ஓடுகள் பால்வெள்ளையாக, சர்க்கரை தூவினாற்போல் இருக்கும். "எவ்வளவு அழகாகத் தங்கியிருக்கிறது பாருங்கள்" என்று மாணவர்களிடம் காட்டியிருக்கிறேன். அந்த வெள்ளைதான் கோளாறு!

மழைக்காலத்தில் டப்பாவில் கிடக்கும் கருப்பட்டி கசிந்து, மறுபடி இறுகுகிறது இல்லையா? உருவம் பழையது, மேல்பூச்சு புதியது. மேல்கடலில் வெயில் காய்ந்த உயிரின் ஓடு செத்தபின் அடித்தளத்தில் விழுந்து புதைகிறது. அங்கே குளிர்ந்த நீரில் நுண்ணிய அளவில் கரைந்து, மறுபடி படிகமாகிறது. நான் ரசித்த வெள்ளை அதுதான். அப்போது ஏறுவது அடிக்கடலின் ஆக்ஸிஜன். அளந்தவர்கள் மேல்கடலின் சூட்டோடு அடிக்கடலின் குளிரையும் சேர்த்தே அளந்திருக்கிறார்கள்.

2001-இல் நிலவியல் ஆய்வாளர் பால் பியர்சனும் கூட்டாளிகளும் நீர் புகாத களிமண்ணில் பொதிந்திருந்த ஓடுகளை எடுத்தார்கள். தான்சானியா களிமண்ணில் கிடைத்தவை கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுபவை. கணக்கு மாறியது: குறைந்தது 28 முதல் 32 டிகிரி.

இன்னொரு சிக்கலும் உண்டு. துருவப் பனி இலகுவான ஆக்ஸிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் கடலில் கனரகம் மிகும். பனியே இல்லாத காலத்துக் கடல் இன்றைய கடலைவிட ஆயிரத்தில் ஒரு பங்கு இலகு. இதை மறந்தால் நாலு டிகிரிக்கு மேல் பிசகும். அதனால்தான் அதே ஓட்டில் மக்னீசியத்தையும் அளக்கிறார்கள். சூடு கூடினால் மக்னீசியமும் கூடும். ஆனால் கடலின் மக்னீசிய அளவும் காலப்போக்கில் மாறியிருக்கிறதே என்பீர்கள். அதற்குத் தனியாக ஒரு கேள்வி அனுப்புங்கள்.