சால்சா கசக்கிறதா? அடுப்பைப் பாருங்கள்: மெக்ஸிகோ மிளகாய்ச் சால்சா கேள்வி பதில்

மெக்ஸிகோ மிளகாயும் டொமாட்டியோவும் வைத்து வீட்டில் சால்சா என்கிற மெக்ஸிகோச் சட்னி அரைப்பவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கேள்வி: அக்கா, கடையில் காகிதம் சுற்றின மாதிரி ஒரு பச்சைக் காய் விற்கிறார்களே, அதுதானே டொமாட்டியோ? அதற்குப் பதில் தக்காளிக்காய் போட்டால் ஆகாதா?

பதில்: அதேதான். ஆனால் அது தக்காளியின் காய் இல்லை. ஃபைசாலிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது, வயல் வரப்பில் தானாக முளைக்கும் சொடக்குத் தக்காளியும் அதே பேரினம்தான். மெக்ஸிகோவின் நடுப்பகுதியில் இந்தப் பச்சைக் காயைத்தான் ‘தொமாத்தே’ என்பார்கள். சிவப்புத் தக்காளிக்கு ‘ஹிதொமாத்தே’ என்று தனிப்பெயர் உண்டு. அந்த ஊர்க்காரர் எழுதிய செய்முறையைப் படிக்கும்போது இது தெரியாவிட்டால் குழம்பிவிடுவீர்கள்.

வாங்கும்போது உறை காயோடு இறுக ஒட்டியிருக்க வேண்டும். உறைக்குள் காய் சுருங்கி லொடலொட என்று ஆடினால் பழசு. உறையை உரித்தால் மேலே பசை மாதிரி ஒட்டும். அந்தப் பசை கசக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். வெளுத்து மஞ்சள் ஏறிய காயில் புளிப்புக் குறைவு.

தக்காளிக்காயில் புளிப்பு மட்டும்தான் வரும், டொமாட்டியோவின் வாசமும் குழைவும் வராது. வேறு வழியே இல்லையென்றால் அரை கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு அரையுங்கள், ஆனால் அதை சால்சா வெர்தே, அதாவது பச்சைச் சால்சா, என்று சொல்ல முடியாது. சொடக்குத் தக்காளியைப் பச்சையாகப் பறித்துப் போட்டுவிடாதீர்கள். அது பழுத்த பிறகுதான் தின்னத் தகுந்தது, காயில் நஞ்சு உண்டு.

கேள்வி: டப்பாவில் அடைத்த டொமாட்டியோ வாங்கினேன். அதையும் வேக வைக்கணுமா?

பதில்: வேண்டாம், ஏற்கெனவே வெந்ததுதான். தண்ணீரை வடித்துவிட்டு நேரே அரையுங்கள்.

கேள்வி: சால்சா வெர்தேக்கு டொமாட்டியோவைக் கொதிக்க வைத்தேன். வெடித்துக் கூழாகிவிட்டது. அரைத்தால் ஒரே புளிப்பு, தண்ணியாகவும் ஓடுகிறது. எங்கே தப்பு?

பதில்: கொதிக்க வைத்ததுதான் தப்பு. டொமாட்டியோ தளதளவென்று கொதிக்கக் கூடாது. தோல் வெடித்தால் உள்ளே இருக்கிற சாறு தண்ணீரில் போய்விடும், தண்ணீர் உள்ளே ஏறிவிடும். ருசி போன காயும் புளித்த தண்ணீரும்தான் மிஞ்சும்.

டொமாட்டியோ 500 கிராம் (நடுத்தர அளவில் பத்துப் பன்னிரண்டு), செர்ரானோ மிளகாய் 2 அல்லது 3, காம்பு கிள்ளியது. இரண்டையும் மூழ்கும் அளவு தண்ணீரில் போட்டு மிதமான தீயில் வையுங்கள். பாத்திரத்தின் ஓரத்தில் சின்னக் குமிழ் வர ஆரம்பித்ததும் தீயைக் குறைத்துவிட்டு அடுப்பை விட்டு நகராதீர்கள். முதலில் காய் கிளிப்பச்சையாக இருக்கும். ஐந்தாறு நிமிடத்தில் அடிப்பக்கத்திலிருந்து மங்கி, ஊறுகாய் மாங்காயின் நிறத்துக்குத் திரும்பும். ஒவ்வொன்றையும் கரண்டியால் புரட்டிப் போடுங்கள். எல்லாம் நிறம் மாறியதும், தோல் கிழியுமுன், அடுப்பை அணைத்து அதே தண்ணீரில் ஐந்து நிமிடம் விடுங்கள். மிச்ச வேக்காடு அந்தச் சூட்டிலேயே ஆகிவிடும்.

காயை மட்டும் அள்ளி மிக்ஸியில் போடுங்கள். பூண்டு ஒரு பல், கால் வெங்காயம், தண்டோடு சேர்த்து ஒரு சின்னக் கைப்பிடி கொத்தமல்லி, முக்கால் டீஸ்பூன் உப்பு. வெந்த தண்ணீரில் கால் கப்புக்கு மேல் வேண்டாம். விட்டு விட்டு நாலைந்து சுற்று போதும். ஒரேயடியாக ஓட்டினால் காற்று ஏறி வெளுத்து நுரைத்துவிடும். சூடாக அரைக்கும்போது மூடியை இறுக்காமல் துணி போட்டுப் பிடியுங்கள், ஆவி மூடியைத் தூக்கி அடிக்கும்.

கேள்வி: பச்சையாக அரைப்பது, வேக வைப்பது, சுடுவது என்று மூன்று விதமாகச் சொல்கிறார்கள். எதை எதற்குச் செய்ய வேண்டும்?

பதில்: பச்சையாக அரைத்தால் புளிப்பு கூர்மையாக இருக்கும், கொழுப்பான இறைச்சி டாக்கோவுக்குப் பொருந்தும். ஃப்ரிட்ஜில் வைக்காவிட்டால் அரைத்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். வேக வைத்தது மிதமானது, என்சிலாடா, சிலாக்கிலேஸ் மாதிரி சால்சாவிலேயே ஊறுகிற பண்டங்களுக்கு அதுதான்.

சுட்டதுதான் மூன்றிலும் ருசி என்பேன். மெக்ஸிகோவில் கொமால் என்கிற கல்லில் சுடுவார்கள், மண்ணிலும் உண்டு, இரும்பிலும் உண்டு. இரும்புத் தோசைக்கல் அப்படியே அந்த வேலையைச் செய்யும். எண்ணெய் தடவாமல் காயவிட்டு, டொமாட்டியோவைக் காம்புப்பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். கருப்புத் திட்டு வந்ததும் திருப்புங்கள். மொத்தம் 12 முதல் 15 நிமிடம். தோல் அங்கங்கே கருகியும் உள்ளே தொட்டால் அமுங்கியும் இருக்க வேண்டும். தீ அதிகமானால் வெளியே கரி, உள்ளே பச்சை. பூண்டை உரிக்காமல் அதே கல்லின் ஓரத்தில் போடுங்கள். ஓவனில் மேல்தீ இருந்தால் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம், தட்டில் வடியும் சாற்றைச் சிந்தாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். கருகிய தோலை உரிக்க வேண்டாம், அந்தப் புகை வாசம்தான் வேண்டும்.

கேள்வி: ஃப்ரிட்ஜில் வைத்த சால்சா வெர்தே மறுநாள் ஜெல்லி மாதிரி இருந்தது. கெட்டுப்போய்விட்டதா?

பதில்: இல்லை. டொமாட்டியோவில் பெக்டின் அதிகம், குளிர்ந்ததும் உறையும். இரண்டு கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்கினால் சரியாகிவிடும். குளிர்ந்த சால்சாவில் உப்பு மந்தமாகத் தெரியும், பரிமாறும் முன் ருசி பாருங்கள்.

கேள்வி: காய்ந்த மிளகாய்ப் பெயர்கள் தலை சுற்ற வைக்கின்றன. பொப்ளானோ, ஆஞ்சோ, பசீயா எல்லாம் ஒன்றா வேறா?

பதில்: பச்சையாக இருக்கும்போது ஒரு பெயர், காய்ந்த பிறகு இன்னொரு பெயர். பொப்ளானோ பழுத்துக் காய்ந்தால் ஆஞ்சோ. ஹலபேன்யோ பழுத்துப் புகையில் காய்ந்தால் சிப்போத்லே. மிராசோல் காய்ந்தால் குவாஹீயோ. சிலாக்கா காய்ந்தால் பசீயா. ஆர்போல் மட்டும் காய்ந்தாலும் ஆர்போல்தான்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் கவனியுங்கள், அங்கே பச்சைப் பொப்ளானோவையே பசீயா என்று எழுதி வைக்கிற கடைகள் உண்டு. ஆஞ்சோவையும் அதே மாதிரி இருக்கிற முலாத்தோ என்ற காய்ந்த மிளகாயையும் பிரித்தறிய ஒரு துண்டைக் கிழித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். செம்மை தெரிந்தால் ஆஞ்சோ, பழுப்பாகத் தெரிந்தால் முலாத்தோ.

நல்ல காய்ந்த மிளகாய் உலர்ந்த திராட்சை மாதிரி வளையும், மணக்கும். தொட்டதும் நொறுங்கினால் ரொம்ப நாள் கடையில் கிடந்தது.

கேள்வி: அக்கா, குவாஹீயோ சால்சா மூன்று தடவை செய்தேன், மூன்றும் கசப்பு. வறுத்தேன், ஊற வைத்தேன், அரைத்தேன். செய்முறையை மாற்றவே இல்லை.

பதில்: கசப்புக்குக் காரணம் அநேகமாக வறுப்புதான். நம் வீட்டில் சாம்பாருக்கு மிளகாய் வறுக்கிற கணக்கு இதற்கு ஆகாது. குவாஹீயோ மெல்லிசு, நிமிடக் கணக்கில் வறுத்தால் கருகிவிடும். நொடிக் கணக்குதான்.

மிளகாயை ஈரத்துணியால் துடையுங்கள். காம்பைக் கிள்ளி, நெடுக்கக் கத்தரித்து, விதையை உதறி, தட்டையாக விரியுங்கள். கல் மிதமான சூட்டில் இருக்கட்டும். ஒரு துண்டைப் போட்டுத் தோசைத் திருப்பியால் அழுத்துங்கள். மெல்லப் பொரிகிற சத்தம் கேட்கும். உள்பக்கம் கருஞ்சிவப்பாக இருப்பது வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வரும், புளியும் உலர்பழமும் கலந்த மாதிரி வாசம் எழும். உடனே திருப்பி, இன்னொரு ஐந்து நொடியில் எடுத்துவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து முதல் பத்து நொடி. கண் எரிகிற மாதிரி நெடி வந்து நீலப் புகை கிளம்பினால் அந்தத் துண்டு போச்சு, தூக்கிப் போடுங்கள். ஒரே ஒரு கருகிய துண்டு முழுச் சால்சாவையும் கசக்க வைக்கும், சர்க்கரை போட்டு அதை மறைக்க முடியாது. ஆஞ்சோவுக்குச் சதை அதிகம், பதினைந்து இருபது நொடி தாங்கும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுக்காதீர்கள்.

பிறகு சூடான தண்ணீரில் 20 நிமிடம், மேலே ஒரு தட்டை அழுத்தி வையுங்கள். கொதிக்கிற நீர் வேண்டாம், வாசம் ஓடிவிடும். ஊறிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அரையுங்கள்.

அளவு: குவாஹீயோ 6, ஆர்போல் 2, சுட்ட டொமாட்டியோ 250 கிராம், சுட்ட பூண்டு 2 பல், தண்ணீர் அரை கப், உப்பு அரை டீஸ்பூன். குவாஹீயோவின் தோல் எவ்வளவு அரைத்தாலும் வாயில் சுருள் சுருளாக மாட்டும், கம்பிச் சல்லடையில் கரண்டியால் தேய்த்து வடிகட்டியே ஆக வேண்டும்.

கேள்வி: அரைத்த சால்சாவைத் திரும்ப எண்ணெயில் ஊற்றுகிறார்களே, கட்டாயமா?

பதில்: டாக்கோவுக்குத் தொட்டுக்கொள்ளவென்றால் வேண்டாம். என்சிலாடாவுக்குக் கட்டாயம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயோ பன்றிக்கொழுப்போ நன்றாகக் காய வேண்டும். ஒரு சொட்டுச் சால்சா விட்டால் சீறணும், அப்போது மொத்தத்தையும் ஒரே வீச்சில் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கிளறினால் பச்சை வாடை போய், கெட்டிப்பட்டு, நிறம் ஆழமாகும். சட்டி காயாமல் ஊற்றினால் வெறுமனே கொதிக்கும், அவ்வளவுதான். தெறிக்கும், ஆழமான பாத்திரம் எடுங்கள்.

கேள்வி: விதையை எடுத்த பிறகும் காரம் தாங்கவில்லை. கையும் எரிகிறது.

பதில்: காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கிற வெள்ளை நரம்பில் இருக்கிறது. அதைச் சுரண்டி எடுங்கள். காரத்தை அளக்கிற ஸ்கோவில் அளவில் குவாஹீயோ 2,500 முதல் 5,000, ஆர்போல் 15,000 முதல் 30,000, ஹபனேரோ லட்சத்துக்கு மேல். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எண்ணிக்கை பார்த்துப் போடக் கூடாது. அரைத்த சால்சா காரமாகிவிட்டால் இன்னும் நாலு டொமாட்டியோ சுட்டுச் சேர்க்கலாம், பாதி அவகாடோ அரைத்துக் கலக்கலாம். கைக்குச் சமையல் எண்ணெய் தேய்த்து, பாத்திர சோப்பால் கழுவுங்கள். வெறும் தண்ணீருக்கு அது போகாது.

கேள்வி: ஊரில் கிடைக்கிற மிளகாயில் ஒப்பேற்ற முடியாதா?

பதில்: குவாஹீயோவின் நிறத்துக்கு பியாட்கி நல்ல துணை, ஒன்றிரண்டு உலர்திராட்சை சேர்த்து அரைத்தால் அந்தப் பழச்சாயலும் கொஞ்சம் வரும். காஸ்கபெல் என்ற உருண்டை மிளகாயைப் பார்த்தால் ராமநாதபுரம் முண்டு என்றே நினைப்பீர்கள். குலுக்கினால் உள்ளே விதை கிலுகிலுக்கும், காஸ்கபெல் என்ற சொல்லுக்கே கிலுகிலுப்பை என்று பொருள். ஆனால் அது காரம் குறைந்து, கடலை வறுத்த வாசம் அடிக்கும். முண்டு அப்படியல்ல, பாதியளவில் தொடங்குங்கள். சிப்போத்லேக்கும் ஆஞ்சோவுக்கும் மாற்று இல்லை.

கேள்வி: சால்சா மாச்சாவை வெளியிலேயே வைக்கலாம், எண்ணெய்தானே என்கிறார்கள். உண்மையா?

பதில்: நம்பாதீர்கள். இது வெராக்ரூஸ் பக்கத்துச் சால்சா: எண்ணெய் ஒரு கப், ஆர்போல் அல்லது மொரீட்டா (சிப்போத்லேயில் ஒரு சின்ன வகை) 30 கிராம், வேர்க்கடலை 50 கிராம், பூண்டு 4 பல், எள் ஒரு மேசைக்கரண்டி, உப்பு. ஆபத்து பூண்டில். எண்ணெய்க்குள் காற்றில்லாத இடத்தில் ஈரமான பூண்டு கிடந்தால் பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம், வாசத்தில் தெரியாது. பூண்டை மெல்லச் சீவி, சிறு தீயில் மொறுமொறுவென்று பொன்னிறமாகப் பொரித்தெடுங்கள். அடுத்து கடலை, பிறகு எள். அடுப்பை அணைத்த பிறகே மிளகாயைப் போடுங்கள், 20 நொடியில் உப்பிவிடும். ஆறியதும் கொரகொரப்பாக அரைத்து, ஃப்ரிட்ஜில் மட்டும் வையுங்கள்.

கேள்வி: சால்சா வெர்தேயை பாட்டிலில் அடைத்து ஒரு வருடம் வைக்கலாமா?

பதில்: நம் கைக்கணக்குச் செய்முறையை அப்படி அடைக்காதீர்கள். டொமாட்டியோ புளிப்புதான், ஆனால் வெங்காயம், பூண்டு, மிளகாய் மூன்றுக்கும் புளிப்பில்லை. அவை கூடினால் புளிப்புக் குறைந்து, பிஎச் அளவு பாதுகாப்பான எல்லையான 4.6-ஐத் தாண்டி மேலே போய்விடலாம். சோதித்து வெளியிட்ட பாட்டில் செய்முறை இருந்தால் அதன் அளவை அப்படியே பின்பற்றுங்கள். மற்றபடி ஃப்ரீசர்தான் வழி: வேக வைத்த சால்சா மூன்று மாதம் ருசி குறையாமல் இருக்கும். கொத்தமல்லியை உருக்கிய பிறகு சேருங்கள். ஃப்ரிட்ஜில் வெந்தது ஐந்து நாள், பச்சை இரண்டு நாள்.

கேள்வி: மோல்கஹேட்டே என்கிற மெக்ஸிகோக் கல்லுரல் வாங்கினேன், அரைத்தால் மண் நறநற என்கிறது.

பதில்: புதுக் கல் அப்படித்தான், அம்மி கொத்தின பிறகு செய்வதையே இதற்கும் செய்யுங்கள். ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு மாவாகும்வரை அரைத்துக் கொட்டுங்கள். முதலில் சாம்பல் நிறமாக வரும். வெள்ளையாக வரும்வரை மூன்று நாலு தடவை. கடைசியில் பூண்டும் கல்லுப்பும் அரைத்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். சால்சா அரைக்கும்போது உப்பும் பூண்டும் முதலில், பிறகு மிளகாய், கடைசியில் டொமாட்டியோ. மாற்றினால் சாறு தெறிக்கும், மிளகாய் மசியாது.

கேள்வி: மாடியில் ஒரு டொமாட்டியோச் செடி வைத்தேன். பூ நிறைய, உறையும் வருகிறது, உள்ளே காய் இல்லை.

பதில்: ஒற்றைச் செடியாக இருப்பதுதான் காரணம். டொமாட்டியோ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. விதையிலிருந்து வளர்த்த இன்னொரு செடியைப் பக்கத்தில் வையுங்கள், இதே செடியின் கிளையை வெட்டி நட்டால் பயனில்லை. தேனீ வராத மாடியென்றால் மெல்லிய தூரிகையால் இரண்டு செடிப் பூக்களையும் மாற்றி மாற்றித் தொட்டுவிடுங்கள்.