முதலில் மேசையை அளந்து பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. விண்வெளிப் போர் விளையாட்டுக்கு மினியேச்சர் வீரர்கள் வேண்டும் என்கிறான். கூடவே நானும் ஆடலாம் என்று ஆசை. கடைக்காரர் 28 மி.மீ. என்கிறார், நண்பர் 15 என்கிறார், இன்னொருவர் 6 போதும் என்கிறார். வீட்டில் இருப்பது 5 அடிக்கு 3 அடி சாப்பாட்டு மேசை ஒன்றுதான். எதை வாங்குவது?
- வாசகர், லெஸ்டர்

மேசையின் அளவையும் சேர்த்து எழுதினீர்களே, அதற்கே ஒரு சபாஷ். பொம்மையை வாங்கிவிட்டு அப்புறம் இடம் தேடுகிறவர்கள்தான் அதிகம். நானும் அந்த ரகம்தான். நான் இருக்கும் நாட்டிங்காமில் தடுக்கி விழுந்தால் ஒரு மினியேச்சர் கம்பெனி. 1987-இல் வார்ஹாமர் 40,000 என்ற விண்வெளிப் போர் விளையாட்டைக் கொண்டுவந்த கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் தலைமையகமும் இங்கேதான். ஊரோடு ஒத்துப் போவோம் என்று 28 மி.மீ. படை ஒன்றைச் சேர்த்தேன். இரண்டு பக்கமும் நிறுத்திப் பார்த்தால், தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருந்தது. டாங்கி திரும்ப இடமில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 மி.மீ. என்பது வீரனின் உயரம்; நிஜ மனிதனில் ஏறக்குறைய 1/56. அந்தக் கணக்கில் உங்கள் 5 அடி மேசை 85 மீட்டர் நிலம். விதிப் புத்தகத்தில் 24 அங்குலம் சுடும் என்று போட்டிருக்கும் துப்பாக்கி, நிஜத்தில் 34 மீட்டர்தான் சுடும். பவுண்டரியில் நிற்கும் ஃபீல்டர் பந்தையே அதைவிடத் தூரம் எறிவான்! அதே மேசை 15 மி.மீ.-க்கு (1/100) 150 மீட்டர் ஆகிவிடும். 6 மி.மீ.-க்கு (1/300) 450 மீட்டரைத் தாண்டும். ஒரு சின்ன ஊரையே வைக்கலாம். ஆனால் வீரன் பச்சரிசி மணி அளவுதான் இருப்பான்.

அதனால் மகனிடம் ஒன்று கேளுங்கள்: பள்ளியில் யாராவது ஏற்கெனவே ஆடுகிறார்களா? ஆடினால், அவர்கள் வைத்திருக்கும் அளவுதான் உங்கள் அளவு. பெரும்பாலும் அது 28 ஆக இருக்கும். பத்து வீரர்களுக்குள் அடங்கும் சிறு மோதல் விதிகளாகப் பார்த்து வாங்குங்கள்; அதற்கு 3 அடிச் சதுரம் தாராளம்.

அப்பாவும் மகனும் மட்டும்தான் என்றால், என் ஓட்டு 15-க்கு. வீரன் கட்டைவிரல் நகத்தின் உயரம்தான் இருப்பான். ஆனாலும் கையில் இருப்பது துப்பாக்கியா ராக்கெட் லாஞ்சரா என்று எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரியும். எட்டு எட்டுப் பேராக ஐஸ் குச்சியில் பசை தடவி ஒட்டுங்கள். கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, பிரஷ்ஷில் ஒட்டியும் ஒட்டாததுமாய் இருக்கும் சாம்பல் பெயின்ட்டை மேலே தேய்த்து விடுங்கள். ஹெல்மெட் கண்ணாடியில் ஒரு சொட்டு ஆரஞ்சு, பூட்ஸில் கொஞ்சம் காவி. முடிந்தது. ஒரு சாயங்காலத்தில் ஒரு குச்சி தயார். 28-இல் ஒரே ஒரு ஆளுக்கு எனக்கு மூன்று சாயங்காலம் போகும். 45 வயதுக்கு மேல் அவன் கண்ணுக்குள் கறுப்புப் புள்ளி வைக்க முயன்ற கதையைத் தனியாக எழுதுகிறேன்.

பிரம்மாண்ட இயந்திர மனிதர்கள்மேல் ஆசை என்றால் மட்டும் 6-க்குப் போங்கள். 1984-இல் தொடங்கிய பேட்டில்டெக் விளையாட்டு அந்த அளவை ஒட்டியதுதான். அறுகோணக் கட்டம் போட்ட அட்டையில் ஆடுவார்கள், ஒரு கட்டம் 30 மீட்டர். அட்டையைச் சுருட்டி வைத்துவிட்டு அதே மேசையில் தோசை சாப்பிடலாம்.

கேள்வி: 28 மி.மீ. என்று வாங்கிய இரண்டு கம்பெனி வீரர்களில் ஒருவன் மற்றவனைவிட உயரமாக இருக்கிறான். யார் ஏமாற்றுகிறார்கள்?
- வாசகி, க்ராய்டன்

யாரும் ஏமாற்றவில்லை. ஒருவர் பாதத்திலிருந்து கண் வரை அளக்கிறார், மற்றவர் உச்சந்தலை வரை. கண் வரை 28 என்றால் உச்சிக்கு இன்னும் இரண்டு மி.மீ. கூடுமே. போதாததற்கு 'ஹீரோயிக்' என்று ஒரு வகை வேறு; தலை, கை, துப்பாக்கி எல்லாம் உடம்புக்குப் பொருந்தாத பருமனில் இருக்கும். நிஜ விகிதத்தில் செய்தால் துப்பாக்கிக் குழல் ஊசியாகிப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே ஒடிந்துவிடும். இரண்டு கம்பெனி வீரர்களையும் ஒரே அணியில் கலக்காதீர்கள். உயரமானவர்களை வேற்றுக் கிரகப் படை ஆக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

கேள்வி: பொம்மைக் கார்கள், ரயில் செட் கட்டடங்களைப் போர்க்களத்தில் வைக்கலாமா?
- வாசகர், பர்மிங்காம்

வைக்கலாம், அளந்துவிட்டு. ஹாட் வீல்ஸ் மாதிரியான சின்னக் கார்கள் சுமார் 1/64, 28 மி.மீ. வீரன் பக்கத்தில் கொஞ்சம் குட்டையாகத் தெரியும், பேஸ்மீது (காலடியில் ஒட்டும் தட்டு) அவனை ஏற்றியபின் இன்னும் மோசம். என் கதை அதைவிட மோசம். 28 மி.மீ.-க்குச் சரியாக இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி 1/72 டாங்கி கிட் வாங்கினேன். வீரனைப் பக்கத்தில் நிறுத்தினால், மேல்மூடி வழியாக அவன் தோள்கூட நுழையாது! கடைசியில் மூடியைத் தேய்த்து எடுத்துவிட்டு, குண்டூசித் தலை அளவில் நாலைந்து ஜன்னல் வரைந்தேன். இப்போது அது 6 மி.மீ. படையின் ராட்சத ஊர்தி. அறிவியல் புனைவில் இது ஒரு வசதி: நிஜ வண்டியை யாரும் பார்த்ததில்லை, கதவும் ஜன்னலும் சொல்வதுதான் அளவு.

கொலுவில் செட்டியார் பொம்மை கோபுரத்தைவிட உயரமாக உட்கார்ந்திருப்பார், யாரும் கேட்பதில்லை. இங்கேயும் அவ்வளவு தாராளம் உண்டு, கதவைத் தவிர. 28 மி.மீ. ஆளுக்கு, பேஸின் கனத்தையும் சேர்த்து, 4 செ.மீ. உயரக் கதவு வெட்டுங்கள். 15-க்கு அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதல்.