ஸ்பிரிங் கம்பிக்குப் பதில் எதை மாட்டலாம்?

பெசன்ட் நகர் வீட்டில் திரைச்சீலையின் ஸ்பிரிங் கம்பி தொய்கிறது, வேறு என்ன மாட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். குழாய்க் கம்பிதான், ஆனால் நடுவிலும் ஒரு தாங்கி வேண்டும். அதே துணி சீராகத் தொங்கும்போது கம்பியின் நீளம் இரட்டித்தால் தொய்வு 16 மடங்காகும். 8 அடி ஜன்னலுக்கு முனைத் தாங்கிகளை மட்டும் நம்பாதீர்கள்.

கடற்காற்றில் முலாம் பூசிய இரும்பு துருவேறிவிடும். என் வெள்ளைத் திரையில் பழுப்புக் கோடே விழுந்தது. எவர்சில்வர் வாங்குங்கள், விலை கூடினாலும்.

சுவர்ப்பூச்சு மட்டும் திருகைத் தாங்காது. துளையிடும்போது செங்கலின் சிவப்புத் தூள் வர வேண்டும். பூச்சைத் தாண்டியும் சாம்பல் தூளே வந்தால் அது ஜன்னலுக்கு மேலே குறுக்கே ஓடும் லின்டல் கான்கிரீட். அங்கே சாதாரண டிரில் திணறும், மாட்ட வருபவரை ஹேமர் டிரில்லோடு வரச் சொல்லுங்கள்.