மூடின சர்வரும் மனு போடுவதும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

பள்ளத்தூர், கோட்டையூர், காரைக்குடி என்று சுற்றுப்பட்டுப் பையன்கள் முப்பது பேர் சேர்ந்து ஒரு ஆன்லைன் கேம் ஆடிவந்தோம். கம்ப்யூட்டரில் ஆடும் எம்எம்ஓ, அதாவது ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்தில் சேர்ந்து ஆடுவது. பாதிப்பேர் இப்போது சிங்கப்பூரிலும் மலேசியாவில் கிள்ளானிலும் வேலையில் இருக்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு எல்லோரும் கூடுகிற இடம் அதுதான். போன வருஷம் கம்பெனி சர்வரை மூடிவிட்டது. திரும்பத் திறக்கச் சொல்லி ஒரு மனு ஓடுகிறது, நாங்களும் கையெழுத்துப் போட்டோம். ஒரு பதிலும் இல்லை. எங்களில் ஒருவனுடைய பழைய ஹார்ட் டிஸ்கில் கேம் ஃபோல்டர் அப்படியே இருக்கிறது. அதை வைத்து நாமே சர்வர் போட்டுவிடலாம் என்கிறான். நடக்கிற காரியமா? சட்டச் சிக்கல் வருமா? அடுத்த படைப்புக்கு (பங்காளிகள் கூடிக் கும்பிடும் நாள்) எல்லோரும் ஊருக்கு வருவார்கள். அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா? கேமின் பெயரை மட்டும் போட வேண்டாம்.

மெ. சொ.
பள்ளத்தூர்

அன்புள்ள மெ. சொ.,

பெயரை எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்த ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவருக்கு இப்போதே போன் போட்டு, கேமைத் தொடங்கிவைக்கும் லாஞ்சர் புரோகிராமைத் திறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். லாஞ்சர் திறந்தவுடன் புதுப்பிப்பு கொடுக்கும் பேட்ச் சர்வரைத் தேடும். கிடைக்காவிட்டால் பெரும்பாலும் பிழை காட்டி நின்றுவிடும். சில லாஞ்சர்கள் அதோடு விடாமல், பதிப்பு எண் இருக்கும் ஃபைலையே மாற்றி எழுதிவிடும். அந்த ஃபோல்டரை முழுசாக வேறொரு டிஸ்குக்குக் காப்பி எடுத்து, ஒவ்வொரு ஃபைலுக்கும் ஷா-256 மதிப்பைக் (பின்னால் ஃபைல் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் கைரேகை எண்) கணக்கிட்டு எழுதி வையுங்கள். விண்டோஸில் இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளையே போதும். மூன்றாவது பிரதி ஒன்று சிங்கப்பூர் நண்பரிடம் இருக்கட்டும். கேம் ஃபோல்டருக்குள் லாக் என்று ஒரு சின்ன ஃபோல்டர் இருக்கும். குப்பை என்று யாரும் அழித்துவிடாதீர்கள். கிளையன்ட், அதாவது ஆடுபவரின் மெஷினில் ஓடும் கேம் புரோகிராம், எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டுக்கு (சர்வரின் வாசல் எண்) பேசியது என்ற விவரம் பல சமயம் அங்கேதான் கிடைக்கும்.

இனி மனு விஷயம். கையெழுத்துப் போட்டதில் தப்பில்லை. ஆனால் மனுவால் திரும்பி வந்த கேம்கள் எவை என்று பார்த்தால், கம்பெனியின் கையில் பழைய சரக்கு பத்திரமாக இருந்தவைதான். ரூன்ஸ்கேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 ஆகஸ்டில் எடுத்த ஒரு பேக்கப் அதை நடத்தும் ஜாகெக்ஸ் கம்பெனியிடம் இருந்தது. 2013 பிப்ரவரியில் ஓட்டெடுப்பு வைத்து, அதையே ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்று திறந்தார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில், நோஸ்டால்ரியஸ் என்ற ரசிகர் சர்வரை 2016 ஏப்ரலில் அந்த கேமின் கம்பெனியான பிளிசார்டின் வக்கீல் கடிதம் மூடவைத்தது. பெரிய மனு ஒன்று போனது. 2019 ஆகஸ்டில் பிளிசார்டே பழைய பதிப்பை கிளாசிக் என்று திறந்தது. அதற்கும் அடிப்படை, அவர்களிடம் தங்கியிருந்த 1.12 பதிப்பின் தரவுதான். அதைப் புது எஞ்சினுக்கு ஏற்றிக் கொடுத்தார்கள். இரண்டுமே ஓடிக்கொண்டிருந்த, சந்தா வந்துகொண்டிருந்த கேம்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

மாறாக சிட்டி ஆஃப் ஹீரோஸ். 2012 நவம்பர் 30ஆம் தேதி என்சிசாஃப்ட் மூடியது. ஆயிரக்கணக்கான பேர் மனு போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சர்வர் புரோகிராம் எப்படியோ வெளியே வந்து, சிலர் ரகசியமாக வருஷக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2019 ஏப்ரலில் அது அம்பலமானது. ஹோம்கமிங் என்ற ரசிகர் குழு சர்வரைப் பொதுவில் திறந்தது. 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட்டே அந்தக் குழுவுக்கு உரிமம் கொடுத்தது. மனு செய்யாததை ஃபைல் செய்தது. ரகசியமாக வைத்திருந்தது சரியா என்று அந்த ரசிகர்களுக்குள் நடந்த சண்டை தனிக்கதை.

‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31ல் தி க்ரூ என்ற கார் கேமை மூடியதில் தொடங்கியது. காசு கொடுத்து வாங்கியவர்களும் ஆட முடியாமல் போனது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் எடுத்த குடிமக்கள் முன்முயற்சி 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அந்த மாதிரி மனுவில் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் மட்டும்தான் கையெழுத்திட முடியும். வேறு நாட்டுக்காரர்கள் ஆர்வக்கோளாறில் போட்டால், சரிபார்க்கும்போது செல்லாத ஓட்டாகிக் கெடுதலே செய்யும்.

கம்பெனி ஏன் சும்மா சோர்ஸ் கோடை (புரோகிராமர்கள் எழுதிய மூலம்) கொடுக்கக்கூடாது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம்மூர்ப் பெரிய வீட்டை விற்கப் போனால் என்ன ஆகும்? கோலாலம்பூரில் ஒரு பங்காளி, சென்னையில் இரண்டு பங்காளி, ஒருவர் கையெழுத்து இல்லையென்றாலும் பத்திரம் பதிவாகாது. கேமும் அப்படித்தான். பாட்டு ஒருவருடையது, இயற்பியல் எஞ்சின் இன்னொருவருடையது, ஏமாற்று வேலையைத் தடுக்கும் மென்பொருள் மூன்றாமவருடையது. கார் கேம் என்றால் ஒவ்வொரு கார் கம்பெனிக்கும் ஒரு ஒப்பந்தம். இந்தக் கையெழுத்தையெல்லாம் வாங்க ஒரு வக்கீலை உட்கார வைப்பதைவிட மூடிவிடுவது அவர்களுக்கு மலிவு.

ஆகவே ‘திரும்பத் திறங்கள்’ என்று கேட்காதீர்கள். அதற்கு வரும் பதில் ‘முடியாது’ என்பதுதான். சோர்ஸ் வேண்டாம், ஓடக்கூடிய சர்வர் புரோகிராமை மட்டும் இருக்கிறபடி கொடுங்கள் என்று கேளுங்கள். ஆட்டக்காரர்களின் கணக்கு, மின்னஞ்சல் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, மிருகங்கள், பொருட்கள், குவெஸ்ட் அட்டவணைகள் இருக்கும் டேட்டாபேஸைக் கேளுங்கள். அதுவும் முடியாதென்றால், காசு வாங்காத ரசிகர் சர்வரை எதிர்க்க மாட்டோம் என்று ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். இது பேராசை இல்லை. நாக்அவுட் சிட்டியை 2023 ஜூனில் மூடியபோது, வேலன் ஸ்டூடியோஸ் ஆட்டக்காரர்களே சர்வர் நடத்திக்கொள்ளும் பதிப்பைக் கொடுத்துவிட்டுத்தான் போனது.

இனி, நீங்களே போடுவது. முதலில் ஏற்கெனவே யாராவது செய்துவிட்டார்களா என்று தேடுங்கள். ராக்னராக்குக்கு ஆர்அத்தீனா, லினேஜ் 2க்கு எல்2ஜே, எவர்குவெஸ்டுக்கு ஈக்யூஎமு என்று பல பழைய கேம்களுக்கு இலவச சர்வர் புரோகிராம் உண்டு. உங்கள் கேம் இவற்றின் வழியில் வந்ததாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இல்லையென்றால், கம்பெனி சர்வர் என்ன வேலை பார்த்தது என்பதைப் பொறுத்தது. ஆட்களைச் சேர்த்துவிடுவது மட்டும்தான் அதன் வேலை, ஆட்டம் ஆடுபவரின் மெஷினிலேயே ஓடியது என்றால் மீட்பது சுலபம். 2014 மே மாதம் நின்டெண்டோ வை-ஃபை சேவை மூடியபோது விம்ஃபி என்ற ரசிகர் சர்வர் அந்த இடத்தைப் பிடித்தது. அதே மாதக் கடைசியில் பல கேம்களில் ஆட்களைச் சேர்த்துவிட்ட கேம்ஸ்பை மூடியபோது ஓப்பன்ஸ்பை அதன் வேலையை எடுத்துக்கொண்டது. முகவரியை மாற்றினால் ஆட்டம் தொடங்கிவிட்டது.

எம்எம்ஓ அப்படியில்லை. கிளையன்டில் இருப்பது வரைபடம், உருவங்கள், ஒலி, எழுத்து, சில சமயம் பொருட்களின் அட்டவணை. எந்த மூலையில் எந்த மிருகம் நிற்கும், செத்தால் எத்தனை நிமிஷத்தில் திரும்ப வரும், எந்தப் பொருள் எத்தனை சதவீதம் விழும், அடியின் கணக்கு என்ன, எல்லாம் கம்பெனி சர்வரில் இருந்தது. இப்போது வெளியே எங்கும் இல்லை. ஸ்டார் வார்ஸ் கேலக்ஸிஸ் ரசிகர்கள் கேம் உயிரோடு இருக்கும்போதே எஸ்டபிள்யூஜிஎமு வேலையைத் தொடங்கினார்கள். ஓடும் சர்வரோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. அப்படியும் வருஷக்கணக்கில் இழுத்தது. நூற்றுக்கு ஒரு தடவை விழும் பொருள் விழுகிறதா என்று உறுதியாகப் பார்க்கவே கிட்டத்தட்ட 300 மிருகத்தைக் கொல்ல வேண்டும். மூடிய பிறகு அதைச் சோதிக்க வழியில்லை. அதனால் யூடியூப் வீடியோ, ஸ்கிரீன்ஷாட், கேமும் சர்வரும் பேசிக்கொண்டதை யாராவது வயர்ஷார்க் என்ற கருவியில் பிடித்து வைத்த பாக்கெட் எல்லாவற்றையும் இப்போதே திரட்டுங்கள். பழைய வீடியோவில் ஓரமாகத் தெரியும் சாட் பெட்டியில்கூட அடி எவ்வளவு விழுந்தது என்ற எண் இருக்கும்.

வேலை தொடங்கும் இடம் ஹோஸ்ட்ஸ் ஃபைல், எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று உங்கள் கம்ப்யூட்டர் பார்க்கும் பட்டியல். கேம் தேடும் டொமைன் பெயருக்கு எதிரே 127.0.0.1 என்று போட்டால் கிளையன்ட் உங்கள் மெஷினோடு பேச வரும். வராவிட்டால் ஐபி முகவரியே புரோகிராமுக்குள் எழுதப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஃபைலின் பைட்டுகளையே திருத்தும் ஹெக்ஸ் எடிட்டரில் மாற்றலாம், ஆனால் புது முகவரி பழையதைவிட நீளமாகிவிடக்கூடாது, அடுத்திருக்கும் தரவை மிதித்துவிடும். குறைவாக இருந்தால் மிச்சத்தை 00 பைட்டால் நிரப்புங்கள், ‘0’ என்ற எழுத்தால் அல்ல. பிறகு லாகின் பாக்கெட்டை அவிழ்ப்பது. பழைய கேம்களில் எக்ஸார், ஆர்சி4, ப்ளோஃபிஷ் மாதிரிதான் பூட்டு இருக்கும், சாவி கிளையன்டுக்குள்ளேயே கிடக்கும். புது கேம் என்றால் எதிரே இருப்பது அசல் சர்வர்தானா என்று டிஎல்எஸ் சான்றிதழைச் சரிபார்க்கும், அங்கே திணறல் அதிகம். லாகின், சர்வர் பட்டியல், பாத்திரம் தேர்வு, கடைசியில் ஆளில்லாத ஊரில் உங்கள் ஆள் நிற்பார். பல குழுக்கள் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டுவிட்டுக் காணாமல் போகின்றன. நடப்பது சுலபம். மிருகத்தை அடிக்க வைப்பதில்தான் ஆட்கள் உதிர்வார்கள்.

சட்டத்தில் வெள்ளையும் உண்டு, கறுப்பும் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 52(1)(ab) பிரிவு, சட்டப்படி வைத்திருப்பவர் தனியாக எழுதிய புரோகிராம் மற்றதோடு ஒத்து இயங்கத் தேவையான தகவலை, அது வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, பெற அனுமதிக்கிறது. (ac) பிரிவு, புரோகிராம் எப்படி வேலை செய்கிறது என்று கவனித்துச் சோதிப்பதை அனுமதிக்கிறது. நீங்களே எழுதும் சர்வருக்கு இது நல்ல துணை. ஆனால் 2012 திருத்தத்தில் வந்த 65A பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைத்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு என்கிறது. கேம் ஃபோல்டரைப் பொதுவில் பதிவேற்றுவது நேரடியான மீறல். அவரவர் வாங்கிய பிரதியை அவரவர் வைத்துக்கொள்ளட்டும். போதாததற்கு ஒப்பந்தம் வேறு இருக்கிறது. அமெரிக்காவில் பிஎன்இடிடி என்ற ரசிகர் சர்வர் மீதான வழக்கில் 2005ல் பிளிசார்டே ஜெயித்தது. நீங்கள் நிறுவும்போது ‘சம்மதம்’ அழுத்திய பக்கத்தைத் தேடி எடுத்து வக்கீலிடம் காட்டுங்கள். வெளியாரிடம் காசு மட்டும் வாங்காதீர்கள், ‘சர்வர் செலவுக்கு’ என்றுகூட. செலவை முப்பது பேரும் உங்களுக்குள் பகிர்ந்துகொள்ளுங்கள். கிளப் பென்குயின் ரீரிட்டன் என்ற ரசிகர் சர்வரை 2022 ஏப்ரலில் லண்டன் போலீஸ் மூடியது. குழந்தைகள் கேம், லட்சக்கணக்கான கணக்குகள், டிஸ்னியின் சொத்து. அவ்வளவு பெரிதாக வளர்ந்தால் கண்ணில் படாமல் இருக்க முடியாது.

சர்வரை வீட்டு ஃபைபரில் போட நினைப்பீர்கள். ரவுட்டருக்குள் போய் வேன் (WAN) ஐபியைப் பாருங்கள். அது 100.64க்கும் 100.127க்கும் நடுவில் தொடங்கினால் நீங்கள் இன்டர்நெட் கம்பெனியின் சிஜிநாட்டுக்கு (பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிர்ந்து தரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறீர்கள். போர்ட் ஃபார்வர்ட் எத்தனை தடவை போட்டாலும் வெளியிலிருந்து யாரும் வரமுடியாது. காசு கட்டி ஸ்டேட்டிக் ஐபி வாங்க வேண்டும், இல்லையென்றால் வாடகை சர்வர். முப்பது பேருக்கு இரண்டு கோர், 4 ஜிபி ராம் தாராளம். சென்னையில் இருக்கும் டேட்டா சென்டரில் எடுங்கள். சென்னை–சிங்கப்பூர் கடலடிக் கேபிள் 3,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஃபைபரில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும், போய்வர 30 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். எம்எம்ஓவுக்கு அது ஒன்றுமேயில்லை. மும்பையில் போட்டால் கூடுதல் தூரம் சும்மா சுமை.

டேட்டாபேஸில் இரண்டு விஷயம் கவனியுங்கள். பழைய சர்வர் புரோகிராம்களோடு வரும் எஸ்க்யூஎல் ஃபைலில் அட்டவணைகள் மைஐசாம் என்ற பழைய சேமிப்பு வகையில் இருக்கும். கரண்ட் போனால் அட்டவணை உடையும், முப்பது பேருடைய பையும் பொருளும் அதோடு போகும். எல்லாவற்றையும் அதைத் தாங்கும் இன்னோடிபி வகைக்கு மாற்றுங்கள். தினமும் ஒரு டம்ப் (டேட்டாபேஸின் முழுப் பிரதி) எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். அடுத்தது எழுத்து. லாட்டின்1 என்று இருப்பதை யூடிஎஃப்8எம்பி4 ஆக்கினால்தான் தமிழ்ப் பெயர் சேமிப்பில் கேள்விக்குறியாகாது. ஆனால் கிளையன்ட் பழைய ஒற்றை பைட் வகையாக இருந்தால் திரையில் எப்படியும் கேள்விக்குறிதான் வரும். தங்கிலீஷில் பேசிக்கொள்ளுங்கள், இதுவரை அப்படித்தானே பேசியிருப்பீர்கள்.

படைப்புக்குள் இது முடியாது. இலவச சர்வர் ஏற்கெனவே இருந்தால் மட்டும் வாய்ப்பு உண்டு. அப்படி இருந்தால் வாடகை சர்வரே வேண்டாம், ஒரு லேப்டாப்பில் ஏற்றி லேனில், அதாவது வீட்டுக்குள்ளேயே கோர்த்த இணைப்பில், ஆடுங்கள். வை-ஃபையை நம்பாதீர்கள். முகப்பில் ரவுட்டர் வைத்தால் சுண்ணாம்புச் சுவரைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குச் சிக்னல் வராது. வளவில் (நடு முற்றத்தில்) ஒரு கிகாபிட் ஸ்விட்ச் வைத்து, அங்கிருந்து கேட்6 கேபிள் இழுங்கள். ஒரு கேபிள் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. தெருவுக்குத் தெரு போகும் வீடாக இருந்தாலும் நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் எட்டும். முப்பது பேருக்கு 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்றும் 8 போர்ட் ஒன்றும் வேண்டும், ஏனென்றால் இரண்டையும் இணைக்கவே ஆளுக்கு ஒன்றாக இரண்டு போர்ட் போய்விடும். சரியாக முப்பதுதான் மிஞ்சும், அதில் ஒன்று சர்வர் லேப்டாப்புக்கு. யாராவது ஒருவர் அந்த லேப்டாப்பிலேயே உட்கார்ந்து ஆடட்டும்.

கிளையன்டின் பதிப்பு எண்ணையும், லாக் ஃபோல்டரில் முதல் ஐம்பது வரியையும் அனுப்புங்கள். கணக்கின் பெயர், பாஸ்வேர்டு தெரிந்தால் அழித்துவிட்டு அனுப்புங்கள். எந்த எஞ்சின் என்று பார்த்துச் சொல்கிறேன்.