நூலோட்டத்தை மெஷினிலேயே போடலாமா?

கேள்வி: வீட்டிலேயே பிளவுஸ் தைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பட்டுத் துணிக்கு லைனிங் கொடுக்கும்போது இரண்டும் ஆளுக்கொரு பக்கம் நழுவுகின்றன. கையால் நூலோட்டம் போட்டால் ஒரு பிளவுஸுக்கே அரை நாள் போய்விடுகிறது. மெஷினில் போட்டுப் பார்த்தேன். துணி சுருங்கிக்கொண்டது, பிரிக்கவும் வரவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி, தேனி

பதில்: தாராளமாக மெஷினில் போடலாம் அம்மா. கும்பகோணத்தில் 27 வருஷமாக பிளவுஸ் தைக்கிறேன். என்னிடம் வருவதில் பாதி திருபுவனம் பட்டு. லைனிங்கை இணைக்கவும், உடம்புக்குப் போட்டுப் பார்க்கவும் நான் மெஷினில்தான் நூலோட்டுகிறேன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், சாதாரணத் தையலுக்கு வைத்திருந்தபடியே ஓட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது. நூலோட்டம் (சில கடைகளில் கச்சா தையல் என்பார்கள்) துணியைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்து, பிறகு இழுத்தால் கழன்று வரவேண்டிய தையல். அதற்குத் தகுந்தபடி மெஷினையும் தளர்த்திவிட வேண்டும்.

பிளவுஸுக்கு வழக்கமாக நாம் வைக்கும் தையல் நீளம் 2 அல்லது 2.5 மில்லிமீட்டர். நூலோட்டத்துக்கு உங்கள் மெஷின் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு வையுங்கள், 4 அல்லது 5. காலால் மிதிக்கும் கறுப்பு மெஷின் என்றால் லீவரைக் கீழே கடைசிவரை இறக்கிவிடலாம்.

அடுத்தது மேல்நூலின் டென்ஷன், அதாவது இறுக்கம். உங்கள் துணி சுருங்கியதற்கும், நூல் பிரிய மறுத்ததற்கும் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். டயல் 4ல் இருந்தால் 2க்குக் கொண்டுவாருங்கள். எண் போடாத பழைய மெஷினில் டென்ஷன் நட்டை அரைச் சுற்று தளர்த்தினால் போதும். மேல்நூல் தளர்ந்துவிட்டால் பாபின் நூல் (அடிநூல்) துணிக்கு அடியில் நேர்கோடாகப் படுத்துக்கொள்ளும், மேல்நூல் அதைச் சின்னச் சின்ன வளையமாகத் தாங்கி நிற்கும். பிரிக்கும்போது மேல்நூலை நாலைந்து தையலுக்கு ஓரிடத்தில் கத்தரி நுனியால் வெட்டுங்கள். துணியைத் திருப்பிப் போட்டு, பாபின் நூலின் முனையை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தால் ஒரு முழ நூல் அறுபடாமல் வழுக்கிக்கொண்டு வரும். மேலே நிற்கும் துண்டு நூல்களைக் கையால் தட்டினாலே உதிர்ந்துவிடும். இதற்காகத்தான் ஆரம்பத்திலும் முடிவிலும் ரிவர்ஸ் (பின்னோக்கித் தைப்பது) போடக் கூடாது என்கிறேன். இரண்டு பக்கமும் மூன்று இன்ச் நூலைத் தொங்க விடுங்கள்.

சரி, நழுவும் விஷயத்துக்கு வருவோம். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்துக்கு அடியில் இருக்கும் பல் அடித்துணியைத்தான் பிடித்து நகர்த்துகிறது. மேல்துணி பாதத்தில் உரசிப் பின்தங்கிவிடும். தோளில் சரியாகத் தொடங்கினாலும் இடுப்புக்கு வரும்போது கால் இன்ச் மிச்சம் நிற்பது இதனால்தான். குண்டூசியைத் தையல் கோட்டுக்குக் குறுக்காக, இரண்டு இன்ச்சுக்கு ஒன்று குத்துங்கள். பாதம் கிட்டே வந்ததும் ஒவ்வொன்றாக உருவிவிடுங்கள். பாதத்தின் அழுத்தத்துக்கென்று மேலே ஒரு திருகு இருக்கும், அதையும் கொஞ்சம் தளர்த்துங்கள். பாதத்துக்கு முன்னும் பின்னும் துணியைக் கையால் விறைப்பாகப் பிடித்தால் போதும், இழுக்க வேண்டாம். இழுத்தால் ஊசி வளையும். வலது முன்பாகத்தைத் தோளிலிருந்து கீழே ஓட்டினால் இடது பாகத்தையும் அப்படியே ஓட்டுங்கள். ஒன்றை மேலிருந்தும் மற்றதைக் கீழிருந்தும் ஓட்டினால் இரண்டும் எதிரெதிராகத் திருகிக்கொள்ளும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும். பட்டில் மெஷின் ஊசி போட்ட ஓட்டை மறையாது. தொழிலுக்கு வந்த புதிதில், மயில்கழுத்து நிறத்தில் ஒரு கல்யாண பிளவுஸ். போட்டுப் பார்க்காமலே டார்ட்டை (உடம்பின் வடிவத்துக்காக மடித்துத் தைக்கும் மடிப்பு) சின்னத் தையலில் தைத்துவிட்டேன். அளவு சரியில்லை என்று பிரித்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால், பிரித்த கோடு முழுக்கப் புள்ளி புள்ளியாக வெளிச்சம். புடவையோடு சேர்த்து நெய்த பிட், அதே நிறத்தில் வேறு துணிக்கு எங்கே போவது? கல்யாணப் பெண்ணின் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். அந்த முகம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் பட்டில் மெஷின் நூலோட்டம் எப்போதும் தையலுக்கு விட்ட துணிக்குள்ளேயே இருக்கட்டும். தையலில் நூல் என்பது ஒரு நீள அளவும்கூட, இன்ச்சுக்கு 8 நூல் என்பது நம் கணக்கு. அரை இன்ச்சில், அதாவது 4 நூலில் தையல் வரப்போகிறது என்றால் ஓரத்திலிருந்து 3 நூலில் நூலோட்டம் போடுங்கள். ஓட்டை உள்ளே மறைந்துவிடும். டார்ட் துணிக்கு நடுவில் வருவது, அங்கே மட்டும் மெல்லிய கை ஊசியால்தான் போட வேண்டும். மெஷினுக்கும் 11ஆம் நம்பர் ஊசி, புதிதாக. முனை மழுங்கிய ஊசி பட்டு இழையை இழுத்துவிடும். வெட்டி மிஞ்சிய துண்டில் ஒரு ஜாண் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிட்டில் கை வையுங்கள்.

கேள்வி: நூலோட்டத்துக்கு எந்த நிற நூல் நல்லது? அதன் மேலேயே அயர்ன் பண்ணலாமா?
– தையல் பழகும் இளைஞர், கரூர்

பதில்: பிரிக்கும்போது கண்ணுக்குத் தெரியும்படி வேறு நிறம் வையுங்கள் தம்பி, முக்கியமாக பாபினில். ஆனால் சந்தன நிறத் துணியில் அடர் சிவப்பு வேண்டாம். தண்ணீர் தெளித்து அயர்ன் பண்ணினால் சாயம் இறங்கும் நூலும் உண்டு. நான் வெளிர் மஞ்சளும் வெளிர் ரோஜாவும் வைத்திருக்கிறேன், பெரும்பாலான துணிகளுக்கு இந்த இரண்டிலேயே சமாளித்துவிடலாம். அயர்னை நூலோட்டத்தின் மேல் அழுத்தினால் பட்டில் நூலின் தடம் பதிந்துவிடும். லேசாக ஒற்றியெடுங்கள். நிரந்தரத் தையல் போட்டு, நூலோட்டத்தை உருவிய அப்புறம் அழுத்தித் தேய்க்கலாம்.