அரையாண்டு விடுமுறையில் சென்னையில் ஒரே நாள்: எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போவது?

கேள்வி: அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளுடன் சென்னை வருகிறோம். குரோம்பேட்டையில் அண்ணன் வீட்டில் தங்குவோம். ஊரைச் சுற்றிப் பார்க்க முழுதாகக் கிடைப்பது ஒரு நாள்தான். வண்டலூர் பூங்கா, மெரினா, கலங்கரை விளக்கம், எழும்பூர் அருங்காட்சியகம், கபாலீசுவரர் கோயில், சாந்தோம் தேவாலயம், தி.நகர், மாமல்லபுரம் ஆகிய எட்டையும் எந்த வரிசையில் பார்த்தால் முடிப்போம்? பிள்ளைகளுக்கு வயது 11, 7. அம்மாவுக்கு 68, முழங்கால் வலி உண்டு. மார்கழிக் கச்சேரி ஒன்றை நேரில் கேட்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. (திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி)

பதில்: எட்டையும் எந்த வரிசையில் வைத்தாலும் ஒரு நாளில் முடியாது. மூன்றை இப்போதே விட்டுவிடுங்கள். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர் பரப்புள்ளது. அதற்கே ஒரு நாள் வேண்டும். மாமல்லபுரம் வேறு திசையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. தி.நகரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். மீதமுள்ள ஐந்தும், அவற்றோடு அம்மாவின் கச்சேரியும் ஒரு நாளில் அடங்கும். அதற்கு நீங்கள் கணக்கிட வேண்டியது கிலோமீட்டரை அல்ல, கூட்டத்தின் நேரத்தை. விடுமுறைக் கூட்டம் காலை பத்து மணிக்கு மேல்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறது. மதியம் கண்காட்சி, பூங்கா என்று சுற்றிவிட்டு, மாலை நான்கு மணிக்கு மொத்தமாகக் கடற்கரைக்குத் திரும்புகிறது. அந்தக் கூட்டம் தூங்கும்போது நீங்கள் கடற்கரையில் இருந்து, அது கடற்கரைக்கு வரும்போது நீங்கள் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டால், நாள் உங்களுடையது.

முதலில் நாளைத் தேர்ந்தெடுப்போம். இதில் தேதியும் கிழமையும் சேர்ந்தே வேலை செய்கின்றன. கலங்கரை விளக்கத்துக்குத் திங்கட்கிழமை பார்வையாளர்களை விடுவதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. சனி, ஞாயிறில் உள்ளூர்க் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். தேதிகளில், டிசம்பர் 24 எம்.ஜி.ஆர். மறைந்த நாள் என்பதால் மெரினா நினைவிடப் பகுதியில் கட்சிக்காரர்களும் தொண்டர்களும் திரளுவார்கள். 25 அன்று சாந்தோமில் நிற்க இடம் இராது. 31 மாலை முதல் கடற்கரைச் சாலையில் புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்காகப் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். ஜனவரி முதல் தேதி கோயில் முதல் பூங்கா வரை எங்கும் வரிசைதான். எனவே 26 முதல் 30 வரையிலான ஐந்து நாட்களே உங்களுக்கு உகந்தவை. அந்த ஐந்தில் செவ்வாய், புதன், வியாழன் ஆகியவற்றுள் ஒன்றாவது கட்டாயம் வரும். அந்த நாளையே எடுத்துக்கொள்ளுங்கள். அது வைகுண்ட ஏகாதசியாக அமைகிறதா என்று மட்டும் நாட்காட்டியைப் பாருங்கள். அமைந்தால் பார்த்தசாரதி கோயில் கூட்டத்தால் திருவல்லிக்கேணிப் பக்கத்துச் சாலைகளை அன்று மறந்துவிட வேண்டியதுதான்.

நான் பல ஆண்டுகளாக வெளியூர்க் குடும்பங்களுக்கு நகரைச் சுற்றிக் காட்டுகிறேன். தொடக்க காலத்தில் ஒரு புத்தாண்டு மாலை, பிடிவாதமாகக் காரிலேயே ஒரு குடும்பத்தை மெரினாவுக்கு அழைத்துப்போய், கடலை எட்டிக்கூடப் பார்க்காமல் இரண்டு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தோம். அன்று பிறந்த விதி ஒன்று: காருக்குச் செலவழிப்பதானால் விடியலில் செலவழியுங்கள், மாலையில் ரயிலை நம்புங்கள். குரோம்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். காலை ஐந்து மணிக்கு வாடகைக் கார் முக்கால் மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். ஒன்பது மணிக்கு அதே தூரத்துக்கு இரட்டிப்பு நேரமும் போதாது. காரை முந்தைய இரவே செயலியில் பதிந்து வையுங்கள்.

மார்கழியில் கபாலீசுவரர் கோயில் வழக்கத்தைவிட முன்னதாகவே நடை திறந்துவிடும். திருவெம்பாவை ஒலிக்க, குளிர்ந்த கல்தரையில் அம்மா மெல்ல நடந்து சுற்றி வரலாம். வெளியே வந்தால் மாட வீதிகளில் பஜனைக் குழுக்கள் பாடிக்கொண்டு வருவதைக் காணலாம். நான்கு மாட வீதிகளிலும் பெரிய பெரிய கோலங்கள் போட்டிருப்பார்கள். சென்னையின் மார்கழியை இங்கே பார்ப்பதுபோல வேறெங்கும் பார்க்க முடியாது என்பது என் கருத்து. அதனால்தான் உங்கள் நாளை இங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன். கோயில் நண்பகலுக்குப் பின் நடை சாத்தி மாலை நான்கு மணியளவில்தான் திறக்கும் என்பதும் காலையில் போகச் சொல்வதற்கு ஒரு காரணம்.

இங்கே ஒரு கேள்வி வரும்: சூரிய உதயத்தைக் கடற்கரையில் பார்க்க வேண்டாமா? டிசம்பர் கடைசியில் சென்னையில் சூரியன் ஏறத்தாழ ஆறரை மணிக்கு உதிக்கிறது. முதலில் கடற்கரைக்குப் போகலாம்தான். ஆனால் ஏழு வயதுக் குழந்தை அலையைக் கண்டால் பாவாடையோ கால்சட்டையோ நனையாமல் திரும்பாது. ஈரமும் மணலுமாகக் கோயிலுக்குள் போவது உங்களுக்கும் சங்கடம், பிறருக்கும் சங்கடம். கோயில் முதலில், கடல் பிறகு என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. உதயத்தை விட்டாலும் எட்டு மணி வெயில் டிசம்பரில் இதமாகவே இருக்கும். இந்த மாதத்தில் பகலிலேயே வெப்பம் பெரும்பாலும் 30 டிகிரியைத் தாண்டுவதில்லை.

ஏழு மணியளவில் மாட வீதிகளை ஒட்டிய உணவகங்களில் ஒன்றில் பொங்கல், வடை, காபி என்று முடித்துக்கொண்டு, ஆட்டோவில் சாந்தோம் போங்கள். புனித தோமையாரின் கல்லறை மேல் எழுந்ததாக மரபு சொல்லும் இந்தப் பேராலயத்தின் இன்றைய கட்டடம் 1896இல் கட்டப்பட்டது. கிறிஸ்துமஸ் முடிந்தும் சில நாட்கள் குடில் இருக்கும். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய காட்சி. வழிபாடு நடந்தால் பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்து பார்க்கலாம். அரை மணி நேரம் போதும்.

அங்கிருந்து கலங்கரை விளக்கம் பக்கம். அது காலை பத்து மணிக்குத்தான் திறக்கும். அதுவரை எதிரே உள்ள மணலில் பிள்ளைகளை விளையாட விடுங்கள். இங்கே மிகக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். மெரினாவில் கடலில் இறங்கிக் குளிப்பதற்குத் தடை உண்டு. அது வெறும் சம்பிரதாயத் தடை அல்ல. கரையை ஒட்டியே தரை சட்டென்று சரிகிறது. திரும்பும் அலை காலடி மணலையும் அரித்துக்கொண்டு உள்ளே இழுக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்த இழுப்பு இன்னும் கடுமை. கணுக்கால் நனையும் அளவுக்கு மேல் வேண்டாம், அதுவும் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்திருந்தால் மட்டும். மணலில் நடக்க அம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைக்காது. மாற்றுத் திறனாளிகளும் முதியவர்களும் அலையின் அருகே போவதற்காக 2022இல் மெரினாவில் மரத்தாலான நடைபாதை ஒன்று அமைத்தார்கள். அது உங்கள் வழியில் அமையாவிட்டால், அவர் சாலையோர நடைபாதை இருக்கையில் உட்கார்ந்தே கடலைப் பார்க்கட்டும். காலையில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் கிடைக்காது என்பது உண்மையான இழப்பு; அதை மறுக்க மாட்டேன்.

கலங்கரை விளக்கத்தில் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே நின்றுவிடுங்கள். 1970களில் எழுந்த இந்தக் கோபுரத்தில் லிஃப்ட் உண்டு என்பதால் அம்மாவும் மேலே போகலாம். ஆனால் லிஃப்டில் ஒரு முறைக்குச் சிலரே ஏற முடியும் என்பதால், பதினொரு மணிக்கு வருபவர்கள் வெயிலில் காத்திருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் கடற்கரை முழுதும் ஒரே வளைவாகத் தெரியும். இறங்கிய பின் நேரம் இருந்தால் ஆட்டோவைச் சற்று வடக்கே விடச் சொல்லி விவேகானந்தர் இல்லத்தை வெளியிலிருந்தேனும் காட்டுங்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் அது. 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். கப்பலில் ஐஸ் வந்த கதையைக் கேட்டதும் எந்தப் பிள்ளையும், அது வழியில் உருகவில்லையா என்று கேட்காமல் இராது.

இப்போது கச்சேரி. சென்னையில் டிசம்பர் இசை விழா வந்ததற்கு 1927இல் இங்கே நடந்த காங்கிரஸ் மாநாடு ஒரு காரணம். அதையொட்டி நடந்த இசை மாநாட்டின் தொடர்ச்சியாக 1928இல் மியூசிக் அகாடமி தொடங்கியது. மாலைக் கச்சேரிகளுக்குச் சீட்டு வாங்க வேண்டும். பெரிய வித்வான்கள் என்றால் முன்கூட்டியே தீர்ந்துவிடும். ஆனால் கச்சேரி நடத்தும் அமைப்புகளான சபாக்கள் பலவற்றில் மதியக் கச்சேரிகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பாடுவோர் பெரும்பாலும் இளைஞர்கள். இன்றைய பெரிய பெயர்கள் பலவும் இந்த மதிய மேடையிலிருந்து வந்தவையே. மயிலாப்பூரிலேயே, கோயிலுக்கு அருகில் கிழக்கு மாட வீதியில் பாரதீய வித்யா பவன் இருக்கிறது, டி.டி.கே. சாலையில் நாரத கான சபாவும் மியூசிக் அகாடமியும் இருக்கின்றன. அன்றைய நாளிதழில் சபா வாரியாக நிகழ்ச்சி நிரல் வரும். அதைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பதினொன்றரைக்கே ஏதேனும் சபா கேன்டீனுக்குப் போய்விட்டால் இலைச் சாப்பாட்டுக்கு இடம் கிடைக்கும். பன்னிரண்டரைக்கு மேல் கிடைப்பது அரிது. சாப்பிட்ட பின் குளிரூட்டிய அரங்கில் ஒன்றரை மணி நேரம் உட்காருவது அம்மாவின் முழங்காலுக்கு அந்த நாளின் மிகச் சிறந்த மருந்து. பிள்ளைகள் நெளிந்தால், ஓரத்து இருக்கையில் அமர்ந்து, ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் வெளியே அழைத்துப் போகலாம். தாள வாத்தியங்கள் மட்டும் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்கு நடக்கும் பழைய சென்னை வழக்கத்தை மட்டும் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள். மிருதங்கத்துக்கு முன்னால் பிள்ளைகள் உண்மையில் வாய்பிளந்து உட்காருவார்கள்.

கச்சேரி முடிந்து எழும்பூருக்கு ஆட்டோ அல்லது கார். திருமயிலையிலிருந்து பறக்கும் ரயிலில் பூங்கா நகர் போய் மாறலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயர்ந்த நிலையங்கள், படிகள் அதிகம், நடையும் கூடுதல். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் மயிலாப்பூர், ராயப்பேட்டைச் சாலைகள் குறுகியிருக்கின்றன; குறைந்த தூரம்தான் என்றாலும் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஆட்டோவில் பேரம் பேசுமுன் செயலி காட்டும் தொகையைப் பார்த்துக்கொண்டால் பேச்சு சுருக்கமாக முடியும்.

1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம் மாலை ஐந்து மணிக்கு மூடும். இரண்டரைக்குள் நுழைந்தால் போதிய நேரம் உண்டு. ஆனால் முழுவதையும் பார்க்க முயல வேண்டாம். செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசரையும் திருவெண்காட்டு அர்த்தநாரியையும் நின்று பாருங்கள். ஒரே உடலில் வலப்பாதி ஆணாகவும் இடப்பாதி பெண்ணாகவும் தோளும் இடையும் மாறும் விதத்தைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொன்னால் அங்கேயே கால் மணி நேரம் போய்விடும். பிறகு அமராவதிச் சிற்பங்கள், அதற்குப் பின் விலங்கியல் பகுதி. சபாவிலும் இங்கும் கழிப்பறை வசதி உண்டு. கடற்கரையில் அதை நம்ப முடியாது என்பதால், காலையில் சாந்தோமுக்குக் கிளம்புமுன் உணவகத்திலேயே எல்லோரையும் போய்வரச் சொல்லுங்கள்.

மழை பற்றியும் ஒரு சொல். டிசம்பர் கடைசியிலும் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாவதுண்டு. முந்தைய இரவு வானிலை ஆய்வு மையம் கனமழை எச்சரிக்கை தந்தால், கடற்கரையையும் கலங்கரை விளக்கத்தையும் கைவிட்டு, கோயில் முடிந்ததும் நேரே அருங்காட்சியகம் போய், மதியம் கச்சேரிக்குத் திரும்புங்கள்.

திரும்பும் வழி மிக எளிது. அருங்காட்சியகத்திலிருந்து எழும்பூர் ரயில் நிலையம் அருகிலேயே இருக்கிறது. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு செல்லும் மின்சார ரயில்கள் அங்கே நின்று நேரே குரோம்பேட்டை போகின்றன. ஐந்து மணிக்குமுன் ஏறிவிட்டால் உட்கார இடம் கிடைக்கக்கூடும். அம்மாவும் நீங்களும் பெண்கள் பெட்டியில் ஏறுவது நல்லது. சென்னை ஒன் செயலியிலேயே சீட்டு எடுத்துக்கொண்டால் கவுண்டர் வரிசையும் மிச்சம். இரு பிள்ளைகளின் சட்டைப் பையிலும் உங்கள் கைபேசி எண்ணை எழுதிய தாளைக் காலையிலேயே வைத்துவிடுங்கள். அன்று காலை அவர்களைக் கைபேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள், தவறிப்போனால் என்ன உடை என்று சொல்லத் தடுமாற வேண்டாம்.

தி.நகரைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ரயில் மாம்பலத்தில் நிற்கும்போது, ரங்கநாதன் தெரு இதோ இருக்கிறது, நிலையத்திலிருந்து ஆகாய நடைமேடையே போட்டிருக்கிறார்கள், இறங்கிவிடலாமா என்று தோன்றும். மாலை ஐந்தரை மணிக்கு, விடுமுறைக் கூட்டத்தில், காலை நான்கு மணிக்கு எழுந்த இரண்டு பிள்ளைகளுடனும் முழங்கால் வலியுள்ள அம்மாவுடனும் இறங்காதீர்கள். வேறொரு நாள் காலை பத்து மணிக்கு, கடை திறக்கும் நேரத்தில், பிள்ளைகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் குரோம்பேட்டையிலிருந்து ரயிலேறிப் போனால், மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.