ஒரே வாரத்தில் முடிக்கிறேன் என்பவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: எங்கள் செங்கல் வீடு ஏறக்குறைய நூறு ஆண்டு பழையது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு தாங்க முடியவில்லை. சுவருக்கு வெப்பக் காப்பு, புதிய சன்னல்கள், வெளியிலிருந்து வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் ஹீட் பம்ப் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடித்துத் தருவதாக ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி சொல்கிறார். அரசு மானியம் இந்த மாதத்தோடு முடிகிறதாம். எங்கள் வழக்கமான கொத்தனாரோ இந்த வேலை தனக்குத் தெரியாது என்கிறார். யாரை நம்புவது?

பதில்: கொத்தனாரை. தெரியாததைத் தெரியாது என்று சொல்பவர் இந்தத் துறையில் அபூர்வம், அவரைக் கைவிடாதீர்கள்.

பழைய வீட்டைக் குறைந்த எரிசக்தியில் இயங்க வைப்பது ஒருவர் கைவேலை அல்ல. கொத்தனார், தச்சர், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர் ஆகியோருக்கு அவரவர் வேலை தெரியும். சுவர் சன்னலைத் தொடும் இடம் யார் பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. ஆனால் காப்பு தோற்பது பெரும்பாலும் அங்கேதான். 20 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறைக் காற்று, சுமார் 9 டிகிரிக்குக் குளிர்ந்த பரப்பில் பட்டால் நீராகப் படியும். பூஞ்சை அதுவரைகூடக் காத்திருக்காது. சுவர் முழுவதும் காப்பு போட்டுவிட்டுச் சன்னலைச் சுற்றி நான்கு விரல் அகலம் விட்டால், ஈரமெல்லாம் அந்தப் பட்டையைத் தேடிப் போகும். இடுக்குகளை அடைத்துவிட்டுக் காற்று வெளியேற வேறு வழி வைக்காவிட்டால் நிலைமை இன்னும் மோசம்.

ஆகவே முதலில் கூரை ஒழுகலும் சுவரில் ஊறும் ஈரமான ஓதமும் தீர வேண்டும். பிறகு காற்றோட்டம், அதன் பின் காப்பு, சன்னல். ஹீட் பம்ப் கடைசி. ஒரு பங்கு மின்சாரத்துக்குச் சுமார் மூன்று பங்கு வெப்பம் தரும் நல்ல கருவி அது. ஆனால் வெப்பம் ஒழுகும் வீட்டுக்குக் கணக்குப் போட்டு வாங்கினால், காப்பு போட்ட பிறகு தேவைக்கு மீறிப் பெரிதாகி, நின்று நின்று ஓடும்.

இனி அந்தப் பிரதிநிதி. அவர் சுவரை அளந்தாரா? ஓதம் பார்த்தாரா? கையெழுத்துக்கு ஒரு கமிஷன் என்பதுதான் இத்தகையவர்களில் பலருடைய பிழைப்பு. வேலை அவரிடமிருந்து ஒப்பந்தக்காரருக்கும், அவரிடமிருந்து துணை ஒப்பந்தக்காரருக்கும் போய், கடைசியில் ஓரிரு நாள் பயிற்சி பெற்ற ஒருவர் உங்கள் சாரத்தில் ஏறுவார். பூஞ்சை வரும் நாளில் நிறுவனம் வேறு பெயரில் இருக்கும். மானியக் கெடுவை அரசு அலுவலகத்திலேயே நேரில் கேளுங்கள். உண்மையிலேயே இந்த மாதத்தோடு முடிவதாகவும் இருக்கலாம், அதுதான் கொடுமை. திட்டத்தைத் திடீரென்று திறக்கிறார்கள், திடீரென்று மூடுகிறார்கள். இதை நம்பி எந்த இளைஞன் மூன்று வருடம் தொழில் கற்பான்?

2009இல் ஆஸ்திரேலிய அரசு கூரைக் காப்புக்கு மானியத்தை அள்ளிக் கொடுத்தது. பயிற்சி போதாத இளைஞர்கள் கூரைக்குள் ஏறினார்கள். மூவர் மின்சாரம் தாக்கியும், ஒருவர் கடும் வெப்பத்தாலும் இறந்தார்கள். 2010 பிப்ரவரியில் திட்டமே நின்றது. பாடம் கற்றார்களா? பிரிட்டனில் அரசுத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவர்க் காப்பு போட்ட வீடுகளில் 98 சதவீதத்தில் சரிசெய்தே தீர வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாக அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025இல் சொன்னது. திறன் போதாத பணியாளர்கள், தகுதியற்றோர் கைக்குப் போன துணை ஒப்பந்தங்கள் என்று அது காட்டிய காரணங்களில் புதிதாக ஒன்றுமில்லை. எத்தனை வீடு முடிந்தது என்று எண்ணத் தெரிந்த அரசுகளுக்கு, முடிந்த வீட்டுக்குள் போய்ப் பார்க்கத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் இன்னொரு சிக்கல் இருக்கக்கூடும். வெளிச்சுவரில் செங்கலின் நீள முகமும் குட்டை முகமும் கலந்து தெரிந்தால், பெரும்பாலும் அது நடுவில் இடைவெளி இல்லாத திண்ணிய சுவர். இணைப்புக் காரையைச் சாவியால் சுரண்டுங்கள். வெளிறிய பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பாக இருக்கலாம். அத்தகைய சுவர் மழையை உறிஞ்சும், வெயிலிலும் காற்றிலும் அதைத் திருப்பி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூச்சோ பிளாஸ்டிக் பெயிண்டோ நுரைப் பலகையோ போட்டால் உள்ளே போன நீர் உள்ளேயே தங்கும். சுவருக்குள் செருகியிருக்கும் தரை உத்தரங்களின் முனை மெல்ல அழுகும்; யாருக்கும் தெரியாது. இத்தகைய சுவருக்கு ஈரம் கடந்து போகக்கூடிய மரநார்ப் பலகை, சுண்ணாம்புப் பூச்சு போன்றவைதான் பொருந்தும். ஏற்கெனவே யாராவது சிமெண்ட் பூசியிருந்தால் அதைப் பெயர்த்து, சுவர் காய அவகாசம் கொடுத்த பிறகே எதுவும். மழை சாய்ந்தடிக்கும் பக்கத்தில் உள்காப்பை மெல்லியதாக வையுங்கள். இதைப் பிரதிநிதியிடம் கேட்டால் "எல்லாச் சுவருக்கும் ஒரே பலகைதான்" என்பார். அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

விற்பதிலும் போடுவதிலும் பங்கில்லாத ஒரு கட்டட மதிப்பீட்டாளருக்குத் தனியாகக் கட்டணம் கொடுத்துத் திட்டம் எழுதி வாங்குங்கள். வாசலில் விசிறி பொருத்தி 50 பாஸ்கல் அழுத்தத்தில் செய்யும் காற்றுக்கசிவுச் சோதனை, வேலைக்கு முன்னும் பின்னும் வேண்டும். பலகையை மூடுமுன் ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்துத் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒரு குளிர்காலம் கழியும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். இதற்கெல்லாம் ஆள் கிடைக்க மாதங்கள் ஆகும். அதற்குள் உங்கள் கொத்தனார் மழைநீர்க் குழாயையும் ஓதத்தையும் சரிசெய்து முடித்துவிடட்டும். அது அவருக்குத் தெரிந்த வேலை.